வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆக்சிஜன் போதுமா? எம்ஆர்ஐ எவ்வளவு சொல்லும்?

நீங்கள் கேட்டது இது. தங்கைக்கு 31 வாரம். குழந்தையின் எடை வாரத்துக்கு ஏற்ற மாதிரி இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் "இப்போதைக்குப் பரவாயில்லை" என்று வந்திருக்கிறது. எம்ஆர்ஐ எடுத்தால் குழந்தைக்குப் போகும் ஆக்சிஜன் அளவே தெரிந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். எடுக்கலாமா, எடுத்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

தங்கைக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை. எம்ஆர்ஐ மூலம் நஞ்சுக்கொடியிலும் (பிளாசென்டா, தொப்புள்கொடி அல்ல) குழந்தையின் ரத்தநாளங்களிலும் ஆக்சிஜன் நிலையைக் கணிக்க முடியும். உலகின் சில மையங்களில் இருபது வருடங்களாக இதற்காக உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் எடை குறைந்த ஒரு குழந்தையை எந்த நாளில் வெளியே எடுப்பது என்று முடிவு செய்யும் பரிசோதனையாக அது இன்னும் வளரவில்லை. தங்கைக்கு இன்று தேவை, தேதி தவறாத டாப்ளர். எம்ஆர்ஐக்காக ஊர் ஊராக அலைய வேண்டாம். எடுக்க நேர்ந்தால் பயப்படவும் வேண்டாம்.

இனி விரிவாகச் சொல்கிறேன். கருவிலுள்ள குழந்தைகளின் எம்ஆர்ஐ படங்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். இந்தக் கேள்வியோடு வருகிற குடும்பங்கள் இப்போது அதிகம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வயிற்றுக் குழந்தை வாழும் உலகத்தில் ஆக்சிஜன் இயல்பாகவே குறைவு. நமக்கு விரலில் கிளிப் மாட்டினால் 97, 98 என்று காட்டும். குழந்தையின் உடலில் இருப்பதிலேயே நல்ல ரத்தம், நஞ்சுக்கொடியிலிருந்து தொப்புள் சிரை வழியாக வருகிற ரத்தம். அதில்கூட ஆக்சிஜன் நிறைவு, அதாவது ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் ஏறியிருக்கும் பங்கு, 80 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். மூளைக்குப் போகும் பெருந்தமனியில் 60ஐ ஒட்டி. ஆக்சிஜனின் அழுத்தக் கணக்கில் (ரத்த அழுத்தம் அல்ல) சொன்னால், நம் தமனியில் 100 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் குழந்தையின் தொப்புள் சிரையில் சுமார் 30. பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஜோசப் பார்கிராஃப்டின் காலத்திலிருந்தே இதை எவரெஸ்ட் மேல் வாழ்வதோடு ஒப்பிடுவது வழக்கம். அது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை. 2007இல் எவரெஸ்ட் ஏறிய மருத்துவர் குழு ஒன்று 8,400 மீட்டர் உயரத்தில் தங்கள் தொடையிலிருந்தே தமனி ரத்தம் எடுத்துச் சோதித்தது. சராசரி ஆக்சிஜன் அழுத்தம் 24.6 மில்லிமீட்டர்தான்.

அந்த உயரத்தில் பயிற்சி இல்லாத மனிதன் சில நிமிடங்களில் மயங்கி விழுவான். குழந்தை அதே நிலையில் உதைத்து விளையாடி, கொட்டாவி விட்டு, கிடுகிடுவென வளர்கிறது. கருவுக்கென்று தனி ஹீமோகுளோபின் இருப்பது ஒரு காரணம். குறைந்த அழுத்தத்திலேயே ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் வகை அது. அதோடு ஹீமோகுளோபின் அளவும் நம்மைவிட அதிகம், இதயம் எடைக்கு எடை பார்த்தால் நம்மைவிடப் பல மடங்கு ரத்தத்தைத் தள்ளுகிறது. நல்ல ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் அனுப்பிவைக்கும் குறுக்கு வழிகளும் உண்டு. வீட்டில் அரிசி குறைந்தால் அம்மா குழந்தைகளுக்கு முதலில் போட்டுவிட்டு மிச்சத்தைத் தான் சாப்பிடுவாள் அல்லவா, அதே மாதிரி. நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாதபோது குழந்தையின் உடல் வயிறு, கை, கால், சிறுநீரகம் ஆகியவற்றுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து மூளையைக் காப்பாற்றும். தலை சரியாக வளர்ந்து வயிற்றுச் சுற்றளவு மட்டும் பின்தங்குவதற்கு இதுதான் காரணம். உங்கள் தங்கையின் ரிப்போர்ட்டில் ஏசி என்று போட்டிருப்பது அந்த வயிற்றுச் சுற்றளவு.

அதனால் "ஆக்சிஜன் குறைவா?" என்று கேட்பதைவிட, "இந்தக் குழந்தைக்கு, இந்த வாரத்தில், இருக்க வேண்டியதைவிடக் குறைவா?" என்று கேட்பதே சரி. அதற்குப் பதில் சொல்வதுதான் கடினம்.

இன்று நம்மிடம் இருக்கும் வழிகள் எல்லாமே சுற்றி வளைத்துப் பார்ப்பவை. இதயத்துடிப்புப் பதிவு, என்எஸ்டி என்று எழுதுவார்களே, அது குழந்தையின் நரம்பும் இதயமும் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லும். டாப்ளர் ரத்த ஓட்டத்தைச் சொல்லும். தொப்புள் தமனியில் எதிர்ப்பு கூடியிருக்கிறதா, மூளையின் நடுத்தமனி விரிந்துகொடுக்கிறதா என்று பார்த்து, குழந்தை சிக்கனத்தில் இறங்கிவிட்டதா என்று ஊகிக்கிறோம். நல்ல ஊகம், பல்லாயிரம் குழந்தைகளின் அனுபவத்தில் உருவானது. ஆனாலும் பைப்பில் தண்ணீர் ஓடும் வேகத்தை அளக்கிறோமே தவிர, தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கவில்லை.

நேரடியாகப் பார்க்கும் வழி ஒன்று இருந்தது. அம்மாவின் வயிறு வழியாக ஊசி செலுத்தித் தொப்புள்கொடியிலிருந்தே ரத்தம் எடுப்பது. 1980களில் பாரிஸிலும் லண்டனிலும் இதைச் செய்து, வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பலருக்கு உண்மையிலேயே ஆக்சிஜன் குறைவு என்று நிரூபித்தார்கள். நமக்குத் தெரிந்த பல விஷயங்கள் அந்த ஊசி தந்தவைதான். ஆனால் நூறில் ஒன்றிரண்டு கர்ப்பங்கள் அதனாலேயே இழக்கப்படலாம் என்னும்போது, ஆக்சிஜன் பார்க்க மட்டும் யார் அதைச் செய்வார்கள்? இன்று அது ரத்தம் ஏற்றுவது போன்ற தவிர்க்க முடியாத காரியங்களுக்கு மட்டுமே.

இந்த இடத்தில்தான் காந்தம் உள்ளே வருகிறது. இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது.

1845இல் மைக்கேல் ஃபாரடே உலர்ந்த ரத்தத்தைக் காந்தத்தின் அருகே வைத்துப் பார்த்தார். ஒன்றும் இழுக்கப்படவில்லை. இரும்பு இருக்கிற பொருள் ஏன் இப்படி என்று அவருக்கு வியப்பு. புதிய, திரவ நிலை ரத்தத்தையும் சோதிக்க வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். விடை வர 1936 ஆயிற்று. லினஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியலும் காட்டியது இது: ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் காந்தத்தால் ஈர்க்கப்படாது, ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் ஈர்க்கப்படும். ஒரே மூலக்கூறுதான், ஆக்சிஜன் உட்கார்ந்தால் ஒரு குணம், எழுந்துபோனால் வேறு குணம். ஃபாரடேயிடம் இருந்த உலர்ந்த ரத்தத்தில் இந்த வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

1990இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேஜி ஒகாவா இதை எம்ஆர்ஐயில் கண்டார். எலிகள் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனை மாற்ற மாற்ற, மூளையின் ரத்தநாளங்கள் படத்தில் கருப்புக் கோடுகளாகத் தோன்றுவதும் மறைவதுமாக இருந்தன. இதற்குப் பெயர் போல்டு எம்ஆர்ஐ. மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று வண்ணத்தில் காட்டும் படங்கள் பத்திரிகைகளில் வருமே, அவையெல்லாம் இந்தக் கண்டுபிடிப்பின் பிள்ளைகள்.

எப்படி வேலை செய்கிறது? கோயில் மணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு தட்டினால் ரீங்காரம் மெல்ல மெல்ல அடங்கும். மணியின்மேல் துணி பட்டால் சட்டென்று அடங்கிவிடும். எம்ஆர்ஐ இயந்திரம் உடலிலுள்ள நீர்மூலக்கூறுகளைத் தட்டிவிட்டு அந்த ரீங்காரத்தைக் கேட்கிறது. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் பக்கத்தில் இருந்தால், அது குட்டிக் காந்தமாகச் சுற்றுப்புறத்தைக் கலைத்து, ரீங்காரத்தைச் சீக்கிரம் அடக்கிவிடும். எத்தனை மில்லிநொடியில் அடங்குகிறது என்ற அளவுக்கு டி2 ஸ்டார் என்று பெயர். ஆக்சிஜன் நிறைய இருந்தால் டி2 ஸ்டார் நீளும், குறைந்தால் சுருங்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். இயந்திரம் ஆக்சிஜனைப் பார்க்கவில்லை. ஆக்சிஜன் இறங்கிப்போன ஹீமோகுளோபினின் நிழலைப் பார்க்கிறது. பின்னால் நான் சொல்லப்போகும் சிக்கல்கள் எல்லாமே இந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறப்பவை.

கர்ப்பிணிகளுக்கு எம்ஆர்ஐ எடுப்பது 1983லேயே ஸ்காட்லாந்தின் அபர்தீனில் தொடங்கிவிட்டது. குழந்தை அசைந்துகொண்டே இருப்பதால் ஆரம்பத்தில் படங்கள் மங்கலாகவே வந்தன. ஒரு நொடிக்குள் ஒரு படம் எடுக்கும் வேகம் வந்த பிறகே இந்தத் துறைக்கு உயிர் வந்தது.

ஆக்சிஜன் விஷயத்தில் அதிகம் செய்யப்படுவது நஞ்சுக்கொடியின் டி2 ஸ்டாரை அளப்பது. சில நிமிட வேலைதான், ஊசி இல்லை, மருந்து இல்லை. டென்மார்க்கின் ஆல்போர்க் நகரக் குழு இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. 1.5 டெஸ்லா (காந்தத்தின் வலிமையைச் சொல்லும் அளவு) இயந்திரத்தில், சிக்கலில்லாத கர்ப்பத்தில், 24 வாரத்தில் சுமார் 120 மில்லிநொடியாக இருக்கும் அளவு, பிரசவ நாள் நெருங்கும்போது 50க்கும் கீழே இறங்கிவிடுகிறது. நஞ்சுக்கொடி முதிர்கிறது, குழந்தையும் பெரிதாகி அதிக ஆக்சிஜனை உறிஞ்சுகிறது. நஞ்சுக்கொடி பழுதாகி வளர்ச்சி குன்றிய கர்ப்பங்களில் அந்த வாரத்துக்குரிய அளவைவிடத் தெளிவாகக் குறைவு. ரத்தக்கொதிப்போடு வரும் ப்ரீஎக்லாம்ப்சியாவிலும் அப்படியே என்று லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு காட்டியிருக்கிறது. அந்தப் படங்களில் நஞ்சுக்கொடி ஒரே சீராக இல்லாமல் கருப்புத் திட்டுக்களோடு தெரியும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

இன்னொரு வழி, அம்மாவுக்கு முகமூடி வைத்துச் சில நிமிடங்கள் ஆக்சிஜன் கொடுத்து, அப்போது நஞ்சுக்கொடியும் குழந்தையின் உறுப்புகளும் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பது. ஒரு தனி எண்ணைவிட மாற்றம் அதிகம் பேசும். ஆல்போர்க் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், அம்மா ஆக்சிஜன் சுவாசித்தபோது குழந்தையின் கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் ஆகியவற்றில் சிக்னல் கூடியது. மூளையில் கூடவில்லை. எனக்கு அதைப் படித்தபோது சிலிர்த்தது. மூளை ஏற்கெனவே தன் பங்கை வாங்கிவிட்டது, மேலே வந்ததை மற்ற உறுப்புகள் பகிர்ந்துகொண்டன என்றுதான் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

பாஸ்டன் குழுவின் 2017 ஆய்வு இன்னும் நுட்பமானது. ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் ஒத்த இரட்டையர்களை எடுத்துக்கொண்டார்கள். அம்மா ஒருத்தி, மரபணு ஒன்று, வாரம் ஒன்று, ஸ்கேன் நேரம்கூட ஒன்று. ஒரு குழந்தை பெரியது, மற்றது சிறியது என்றால் வித்தியாசம் நஞ்சுக்கொடியின் எந்தப் பங்கு யாருக்குக் கிடைத்தது என்பதில்தான் இருக்க வேண்டும். அம்மா ஆக்சிஜன் சுவாசிக்கத் தொடங்கிய பிறகு, நஞ்சுக்கொடியின் அந்தந்தப் பகுதியில் சிக்னல் உச்சத்தை எட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். நேரம் அதிகமாக எடுத்துக்கொண்ட பக்கத்துக் குழந்தையின் பிறப்பு எடை குறைவாக இருந்தது. இவ்வளவு சுத்தமான ஒப்பீடு மனித கர்ப்பத்தில் கிடைப்பது அபூர்வம்.

நடுவில் ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைக்க நினைக்காதீர்கள். கொரோனாவுக்குப் பிறகு இந்த எண்ணம் பலருக்கு வருகிறது. அம்மாவின் ரத்தம் ஏற்கெனவே ஆக்சிஜனால் நிறைந்திருக்கிறது. மேலும் கொடுத்தால் அம்மாவின் தமனியில் ஆக்சிஜன் அழுத்தம் நாலு மடங்குகூட ஏறும், குழந்தையின் ரத்தத்தில் ஏறுவதோ சில மில்லிமீட்டர்தான். பிரசவ நேரத்தில் குழந்தையின் துடிப்பு சரியில்லை என்றால் அம்மாவுக்கு முகமூடி வைக்கும் பழக்கத்தையே, அம்மாவின் ஆக்சிஜன் அளவு சரியாக இருக்கும்போது வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2022இல் அறிவுறுத்திவிட்டது.

சரி, நஞ்சுக்கொடியை விட்டுக் குழந்தையின் ரத்தநாளங்களுக்கு வருவோம். இந்தத் துறையில் என் மனதுக்கு மிக நெருக்கமான வேலை நடந்தது இங்கேதான்.

டொரான்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் மைக் சீட், கிறிஸ்டோஃபர் மக்கோவன் இருவரின் குழு, குழந்தையின் ஒவ்வொரு பெரிய ரத்தநாளத்திலும் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது, அதில் ஆக்சிஜன் நிறைவு எத்தனை சதவீதம் என்று இரண்டையும் அளக்க முனைந்தது. ஓட்டத்தையும் நிறைவையும் பெருக்கினால் மூளைக்கு நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் போய்ச் சேர்கிறது என்று தெரிந்துவிடும். மூளையிலிருந்து திரும்பும் ரத்தத்தையும் அளந்தால், மூளை எவ்வளவு உபயோகித்தது என்பதும் கிடைக்கும். ஆட்டுக்கருக்களில் ஊசியும் குழாயும் வைத்து ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன் அளந்ததை, மனிதக் குழந்தையில் தொடாமலே அளப்பது.

கேட்க எளிது. செய்வதில் முதல் தடை, இதயத்துடிப்பு. ரத்த ஓட்டத்தை எம்ஆர்ஐயில் அளக்க, படமெடுப்பு இதயத்துடிப்போடு தாளம் தவறாமல் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு நெஞ்சில் ஈசிஜி ஒட்டிவிடுவோம். வயிற்றுக்குள் நிமிடத்துக்கு 140 முறை துடிக்கும் குழந்தைக்கு எங்கே ஒட்டுவது? அவர்கள் கண்ட வழி அருமையானது. துடிப்பைத் தெரிந்துகொள்ளாமலே தகவலை எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டார்கள். அப்புறம் கணினியில், துடிப்பு இப்படி இருந்திருக்குமோ, அப்படி இருந்திருக்குமோ என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, படம் எந்தக் கணக்கில் மிகத் தெளிவாக வருகிறதோ அதுதான் உண்மையான துடிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். பழைய ரேடியோவில் இரைச்சல் மறைந்து பாட்டு தெளியும்வரை குமிழைத் திருகுவோமே, அதேதான். 2010இல் வெளியான இந்த முறையால், பிரசவத்தை நெருங்கும் இயல்பான குழந்தையின் இதயம் ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு சுமார் 460 மில்லிலிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது, அதில் சுமார் 130 நஞ்சுக்கொடியிலிருந்து வருகிறது என்றெல்லாம் சொல்ல முடிந்தது.

இதை வைத்து அவர்கள் கேட்ட கேள்வி, இதயக் கோளாறோடு பிறக்கும் குழந்தைகளைப் பற்றியது. அந்தக் குழந்தைகள் சிலரின் மூளை வளர்ச்சி பின்தங்குவது முன்பே தெரிந்த விஷயம். ஆபரேஷனால் வந்தது, மயக்க மருந்தால் வந்தது என்றெல்லாம் நீண்ட காலம் நினைத்தோம். பிறகு, ஆபரேஷனுக்கு முன்பே, வயிற்றுக்குள் இருக்கும்போதே மூளை சிறிதாக இருப்பது எம்ஆர்ஐயில் தெரியவந்தது. காரணம் என்ன? டொரான்டோ குழு 2015இல், இதயக் கோளாறுள்ள 30 கருக்களையும் இயல்பான 30 கருக்களையும் ஒப்பிட்டு வெளியிட்டது. கோளாறுள்ளவர்களில் மூளைக்குப் போகும் ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவு 10 சதவீதம் குறைவு, மூளைக்குச் சேரும் ஆக்சிஜன் 15 சதவீதம் குறைவு, மூளை உபயோகிக்கும் ஆக்சிஜன் 32 சதவீதம் குறைவு, மூளையின் கனஅளவு 13 சதவீதம் குறைவு.

உதாரணத்துக்கு, இரண்டு பெரிய தமனிகளும் இடம் மாறியிருக்கும் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். நஞ்சுக்கொடியிலிருந்து வரும் நல்ல ரத்தம் மூளைக்குப் போகாமல் நுரையீரல் பக்கமும் உடலின் கீழ்ப்பாதிக்கும் போய்விடும். நான் முதலில் சொன்ன, அம்மா குழந்தைகளுக்கு முதலில் போடும் ஏற்பாடு அங்கே தலைகீழ். வெறும் ஓட்டத்தை மட்டும் காட்டும் டாப்ளரால் இதைச் சொல்ல முடியாது. "என் குழந்தைக்கு ஏன் இப்படி, நான் எதையாவது தவறாகச் சாப்பிட்டேனா?" என்று அழும் தாய்மார்களை எனக்குத் தெரியும். குழாய் அமைப்பு மாறியதால் வந்தது அம்மா, நீ செய்தது ஒன்றுமில்லை என்று படத்தைக் காட்டிச் சொல்ல முடிவதே பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவு முடியும் என்றால், தங்கைக்கு ஏன் எடுக்க வேண்டாம் என்கிறேன்?

அந்த நிழலை ஆக்சிஜன் மட்டும் மாற்றுவதில்லை. ஹீமோகுளோபின் குறைந்தாலும் மாறும். நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்குத் தெரியும். ரத்தம் மெலிந்திருந்தால் குட்டிக் காந்தங்களே குறைவு, எண் நன்றாக இருப்பதுபோல் ஏமாற்றக்கூடும். 1.5 டெஸ்லாவில் வரும் அளவும் 3 டெஸ்லாவில் வரும் அளவும் ஒன்றல்ல, 3இல் குறைவாகவே வரும். வாரம் மாறினால் அளவு மாறும் என்று மேலேயே சொன்னேன். 34 வாரக் குழந்தைக்கு இயல்பான எண், 26 வாரக் குழந்தைக்கு ஆபத்து.

அப்புறம் கருப்பைச் சுருக்கம். வலியே தெரியாமல் வயிறு ஒரு நிமிடம் கல்லுபோல் ஆகிவிட்டு இளகுமே, அதுதான். ஸ்கேன் நடக்கும்போது அது வந்தால், நஞ்சுக்கொடி திரையில் என் கண் முன்னாலேயே கருத்து, பிறகு மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்தில் எடுத்த எண்ணை மட்டும் வைத்து ரிப்போர்ட் எழுதினால், நன்றாக இருக்கும் நஞ்சுக்கொடி கெட்டுப்போனதாகிவிடும். படுக்கும் விதமும் அப்படியே. கடைசி மூன்று மாதத்தில் மல்லாந்து படுத்தால், கருப்பை அம்மாவின் பெருஞ்சிரையை அழுத்தி நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அது சரியாகிறது. இதையே எம்ஆர்ஐ கொண்டு அளந்து நிரூபித்திருக்கிறார்கள். கர்ப்பிணி ஒருக்களித்துப் படுக்கணும் என்று பாட்டிகள் சொன்னது இங்கே எண்ணாகவே வந்துவிட்டது.

ரத்தநாளத்தை அளப்பதில் வேறு சிரமம். நாளங்கள் சில மில்லிமீட்டர் அகலமே. குழந்தை ஒரு உதை உதைத்தால் போச்சு. கருவின் ஹீமோகுளோபின் வேறு வகை என்பதால், பெரியவர்களின் கணக்கை அப்படியே போடவும் முடியாது. அதற்கென்று பிரசவத்துக்குப் பின் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து, தனியாக அளவீடு செய்திருக்கிறார்கள். இதையெல்லாம் பழகிய குழு, அதற்கான மென்பொருள், இயற்பியல் அறிஞர் எல்லாம் சேர்ந்த இடத்தில்தான் நம்பத்தக்க எண் வரும். உங்கள் ஊரில் நல்ல எம்ஆர்ஐ இயந்திரம் இருப்பதும், இந்த அளவீடு அங்கே நடப்பதும் ஒன்றல்ல.

இவையெல்லாம் தொழில்நுட்பச் சிக்கல்கள், ஒருநாள் தீரும். தீர்ந்த பிறகும் ஒரு கேள்வி நிற்கும்: எண் தெரிந்தால் குழந்தை பிழைக்குமா? இதற்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. பிரசவ நேரத்தில் குழந்தையின் கன்னத்தில் சென்சார் வைத்து ஆக்சிஜன் நிறைவை நேரடியாக அளக்கும் கருவி ஒன்றுக்கு 2000இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இனி அனாவசிய சிசேரியன் குறையும் என்று எல்லோரும் நம்பினோம். 5,341 பெண்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2006இல் வந்தது. எண்ணைப் பார்த்த மருத்துவர்களும் பார்க்காத மருத்துவர்களும் செய்த சிசேரியன் ஒரே அளவு. குழந்தைகளின் நலத்திலும் வித்தியாசம் இல்லை. கருவி அளந்தது ஆக்சிஜனைத்தான், அதில் தவறு இல்லை. ஆனால் 30க்குக் கீழே போனால் என்ன செய்வது, எவ்வளவு நேரம் போனால் ஆபத்து என்பதெல்லாம் குழந்தைக்குக் குழந்தை மாறியது. அந்தக் கருவி இன்று எங்கேயும் காணோம்.

அதனால்தான் எம்ஆர்ஐ விஷயத்தில் அவசரப்படக்கூடாது என்கிறேன். 28 வாரத்தில் ஒரு குழந்தையை வெளியே எடுப்பது சின்ன முடிவில்லை. உள்ளே இருந்தால் ஆக்சிஜன் குறைவு, வெளியே எடுத்தால் முதிராத நுரையீரல். ஐரோப்பாவில் நடந்த ட்ரஃபிள் ஆய்வு, 26 முதல் 32 வாரம் வரையிலான இப்படிப்பட்ட குழந்தைகளை டாப்ளரும் கணினி பகுத்த இதயத்துடிப்புப் பதிவும் வைத்துக் கண்காணித்து, எப்போது எடுப்பது என்று நெறிமுறை வகுத்தது. அதற்கு நிகரான சோதனை நஞ்சுக்கொடி டி2 ஸ்டாருக்கு இன்னும் நடந்தாக வேண்டும். அது நடந்து, பலன் தெரிந்தால், இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கச் சொல்லும் முதல் ஆள் நானாக இருப்பேன். டாப்ளர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. 34 வாரத்துக்கு மேல், தொப்புள் தமனி நன்றாகவே இருப்பதுபோல் காட்டிக்கொண்டு, குழந்தை மெல்லத் தேய்வது. நஞ்சுக்கொடியையே பார்க்கும் எம்ஆர்ஐ அங்கே கைகொடுக்கும் என்பது என் நம்பிக்கை. லண்டனில் 0.55 டெஸ்லா என்ற குறைந்த காந்தப்புல இயந்திரத்தில் இதைச் செய்து பார்க்கிறார்கள். குழாய் அகலமாக இருப்பதால் பெரிய வயிற்றோடு படுக்க வசதி, படத்தில் சிதைவும் குறைவு.

பாதுகாப்பு பற்றிக் கேட்டீர்கள். எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை அலசிய ஆய்வு 2016இல் வந்தது. முதல் மூன்று மாதத்தில் எம்ஆர்ஐ எடுத்தவர்களுக்குக்கூட, எடுக்காதவர்களைவிடக் குழந்தைக்கு ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் அதே ஆய்வில், கடோலினியம் என்ற ஊசி மருந்து போட்டு எடுத்தவர்களில் குழந்தை இறந்து பிறப்பதோ பிறந்த சில வாரங்களுக்குள் இறப்பதோ, பிறந்தபின் மூட்டு, தோல் அழற்சி நோய்களும் கூடுதலாக இருந்தன. கர்ப்பிணிக்கு அந்த மருந்தை மிக அவசியமானால் தவிரப் போடமாட்டோம். நான் மேலே சொன்ன ஆக்சிஜன் அளவீடு எதற்கும் அது தேவையில்லை, ரத்தமே இங்கே சாயமாக வேலை செய்கிறது. சத்தம் பலமாக இருக்கும், அம்மாவுக்குக் காதடைப்பு கொடுப்பார்கள். குழந்தைக்கு அம்மாவின் வயிறும் பனிக்குட நீருமே நிறையச் சத்தத்தைக் குறைத்துவிடும்.

ஆகவே, குழந்தையின் மூளையிலோ நஞ்சுக்கொடி ஒட்டிய விதத்திலோ சந்தேகம் வந்து மருத்துவர் எம்ஆர்ஐ எழுதினால் தயங்காமல் எடுங்கள். ஏதாவது ஆய்வு மையம் ஆக்சிஜன் அளவீட்டுக்கு அழைத்தாலும், விருப்பம் இருந்தால் போகலாம். ஒருக்களித்துப் படுத்து எடுப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அந்த வாரத்து ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டைக் கையில் கொண்டுபோங்கள். அங்கே நல்ல எண் வந்தது என்பதற்காக அடுத்த டாப்ளரைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த டாப்ளருக்குப் போகும்போது மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. தொப்புள் தமனியில் ரத்தம், இரண்டு துடிப்புகளுக்கு நடுவிலுள்ள ஓய்வு நேரத்திலும் முன்னோக்கிப் போகிறதா? மூளைத் தமனிக்கும் தொப்புள் தமனிக்கும் உள்ள விகிதம் எப்படி? இரண்டு வாரத்தில் வயிற்றுச் சுற்றளவு எவ்வளவு கூடியிருக்கிறது? தங்கைக்கு ரத்தக்கொதிப்பு பார்த்தாயிற்றா? இந்த நான்குக்கும் பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தங்கைக்குத் தோன்றினால், ராத்திரி எத்தனை மணியானாலும், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.